டூயல் பூட் போடுங்க... ஆனா நீங்களே போடுங்க!

இந்த செமஸ்டர் ஆரம்பிச்சதிலிருந்து என்கிட்ட வர்ற கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, லேப்டாப்ல உபுண்டு போட்டுத் தர்றீங்களா? விண்டோஸ் மட்டும் போயிடக் கூடாது." மெஸ் வரிசையில், காலேஜ் பஸ்ஸில், லேப் வாசலில் என்று எங்கே பார்த்தாலும் முதலாமாண்டுத் தம்பி தங்கைகள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து நீட்டுகிறார்கள். எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: "போட்டுத் தர மாட்டேன். பக்கத்துல உட்காந்துக்கறேன், நீயே போடு."

இதனால் எனக்கு "ஓவரா பண்ற சீனியர்" என்று ஒரு பெயர் வந்திருப்பது தெரியும். பரவாயில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை ஒருமுறை எழுதிவிட்டால், இனி கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம் இல்லையா?

அழிஞ்சது என் டிஸ்க் இல்ல

இரண்டாம் ஆண்டில் எங்கள் ஹாஸ்டல் தளத்தில் நான்தான் "லினக்ஸ் ஆளு". ஏழெட்டு லேப்டாப்பில் போட்டுக் கொடுத்திருந்தேன். பென்டிரைவைச் செருகு, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ரீஸ்டார்ட். அரை மணி நேரம், ஒரு டீ. அவ்வளவுதான் என் சேவை.

ரூம்மேட்டின் முறை வந்தது. அவனுடைய லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. எஸ்எஸ்டியில் இடம் கம்மி. ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, ஒரு பொறுப்புள்ள ஆளாக அவனிடம் கேட்டேன்: "ஹார்ட் டிஸ்க்ல ஏதாவது இருக்காடா?"

"ஒண்ணும் இல்லடா. எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு."

சரி என்று, அந்த 1 டிபி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, "முழுசா அழிச்சு நிறுவு" என்பதை அழுத்திவிட்டேன்.

அவன் சொன்ன டி டிரைவே அந்த ஹார்ட் டிஸ்க்தான். இது அவனுக்குத் தெரியாது. என் லேப்டாப்பில் சி, டி இரண்டும் ஒரே எஸ்எஸ்டியின் இரண்டு துண்டுகள். அதனால் அவனுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். லேப்டாப்புக்குச் சொந்தக்காரனுக்கும் தெரியாது, போட்டுக் கொடுக்க வந்த எக்ஸ்பர்ட்டுக்கும் தெரியாது.

போனது என்ன தெரியுமா? அவனுடைய மினி புராஜெக்ட் போனதுகூடப் பெரிய விஷயம் இல்லை, அது திரும்ப எழுதக்கூடியது. அவர்கள் வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் அந்த லேப்டாப்தான். அப்பாவின் மளிகைக் கடைக் கடன் கணக்கு மூன்று வருஷத்துக்கு அதில் எக்செல்லில் இருந்தது. தங்கச்சியின் கவுன்சலிங்குக்காக ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள் எல்லாம் இருந்தன.

அன்று ராத்திரி முழுக்க ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தோம். அது கோப்புகளை மீட்டுத் தரும், ஆனால் பெயர்களை மீட்டுத் தராது. எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள். அதில் தங்கச்சியின் மார்க் ஷீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கடைக் கணக்கில் பாதிதான் கிடைத்தது. மீதியை அவங்க அப்பா பழைய நோட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு மாசம் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்.

அவன் என்னைத் திட்டவில்லை. "கேட்டே, நான்தானே இல்லைன்னு சொன்னேன்" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று ஒரு திரை இருக்கிறது. அதைத் திறந்திருந்தால் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாகக் காட்டி, எந்த டிஸ்க்கில் சி, எந்த டிஸ்க்கில் டி என்று பத்து நொடியில் சொல்லியிருக்கும். நான் திறக்கவில்லை. அடுத்தவன் டிஸ்க் ஆச்சே!

அக்காவோட லேப்டாப்

இன்னொரு விஷயமும் எனக்கு இதில் பாடம். தமிழக அரசு 2011-ல் விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்ததே, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. அதாவது டூயல் பூட் என்பது நமக்கு ஏதோ புது ஃபேஷன் இல்லை. நம்ம அண்ணன்கள், அக்காக்கள் பிளஸ் டூவிலேயே அதைக் கையில் வைத்திருந்தார்கள்.

எங்கள் அக்காவிடமும் ஒன்று இருந்தது. ஆன் செய்ததும் இரண்டு வரி வரும். அக்கா என்டர் தட்டுவாள், விண்டோஸ் வரும். "அந்த இன்னொரு வரி என்னக்கா?" என்று நான் கேட்டதற்கு, "அதைத் தொட்டா என்னமோ வரும்டா, தொடாதே" என்றாள். கல்லூரி முடிக்கும்வரை அதைத் தொடவே இல்லை. அவளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அது எதற்கு இருக்கிறது, யார் போட்டார்கள், தொட்டால் என்ன ஆகும் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

யாரோ போட்டுக் கொடுத்த டூயல் பூட்டின் கதி இதுதான். ஒன்று, தொடவே மாட்டோம். இல்லையென்றால், ஏதாவது ஆகும்போது போட்டுக் கொடுத்த ஆளைத் தேடி ஓடுவோம். சீனியர் பாஸ் அவுட் ஆகிப் பெங்களூரு போய்விட்டால் அப்புறம் யாரைத் தேடுவீர்கள்?

பவர் பட்டனை அழுத்தினதும் நடக்கிறது

சரி, நாமே போடுவதில் அப்படி என்ன தெரிந்துவிடப் போகிறது? இதைப் பாருங்கள்.

பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் ஒரு சின்ன சிப்பில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர். அது ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "யாரை எழுப்பணும்?" என்று தன்னிடம் இருக்கும் பட்டியலைப் பார்க்கும். பிறகு டிஸ்க்கில் ஈஎஸ்பி என்ற சின்னப் பகுதிக்குப் போகும். ஃபேட்32 வடிவத்தில், சில நூறு எம்பி அளவில், விண்டோஸில் உங்கள் கண்ணுக்கே படாமல் இருக்கும் பகுதி அது. அங்கே விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். பட்டியலில் உபுண்டு முதலில் இருந்தால் அங்கிருந்து கிரப் எழும்பும். அதுதான் நீங்கள் பார்க்கும் அந்தக் கறுப்புத் திரை மெனு. லினக்ஸ் என்று சொன்னால் கெர்னலை ரேமில் ஏற்றும். விண்டோஸ் என்று சொன்னால், விண்டோஸின் பூட் மேனேஜரை அழைத்து "இனி உன் பாடு" என்று ஒதுங்கிக்கொள்ளும்.

பழைய பயாஸ் காலத்தில் இப்படி இல்லை. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம். அந்த ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் போட்டி போடுவார்கள். விண்டோஸை மறுபடி நிறுவினால் அது வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கிரப் காணாமல் போகும். "டூயல் பூட் போட்டா சிஸ்டம் கெட்டுப் போயிடும்" என்று பயமுறுத்தும் பெரியவர்கள் பலர் அந்தக் காலத்து அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள்.

இப்போதும் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் கிரப் மெனு வராமல் நேராக விண்டோஸுக்குப் போகும். மேலே சொன்னது தெரிந்தவர் பதற மாட்டார். "பட்டியல்ல வரிசை மாறியிருக்கும்" என்று ஃபர்ம்வேர் மெனுவுக்குள் போய், உபுண்டுவை மேலே ஏற்றிவிட்டு வந்துவிடுவார். தெரியாதவர் "லினக்ஸ் அழிஞ்சிடுச்சு அண்ணா" என்று எனக்கு ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணுவார்.

ஓஎஸ் பேப்பரில் பூட்ஸ்டிராப் லோடர் என்று இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறோமே, அது இதுதான். நம் லேப்டாப்பில் தினமும் நடப்பதை, நம் லேப்டாப்பில் பார்க்காமல் புத்தகத்தில் மட்டும் படிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

கை வைக்கறதுக்கு முன்னாடி

படிப்படியான வழிகாட்டி இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. அதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ஆனால் நம்ம பசங்க மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில இருக்கின்றன, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பேக்கப். டி டிரைவில் காப்பி போட்டு வைப்பது பேக்கப் ஆகாது. அதுவும் அதே டிஸ்க்கில் இருக்கலாம். லேப்டாப்பிலிருந்து கழற்றி அலமாரியில் வைக்கக்கூடிய ஒன்றில், அல்லது டிரைவ் மாதிரி ஒரு கிளவுடில் இருந்தால்தான் பேக்கப். வீட்டில் மற்றவர்களின் கோப்புகளும் அதில் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்க.

இரண்டாவது, பிட்லாக்கர். விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். ஃபர்ம்வேரில் செக்யூர் பூட் போன்ற எதையாவது மாற்றிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால், நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் அது உங்கள் கணக்குதானா? லேப்டாப் வாங்கிய கடையில் ஒரு அண்ணன் "நானே செட் பண்ணித் தர்றேன் தம்பி" என்று ஏதோ ஒரு மெயில் ஐடியைப் போட்டிருப்பார். எண் அங்கே போய் உட்கார்ந்திருக்கும்! இங்கேயும் அதே கதைதான் பாருங்க, யாரோ போட்டுக் கொடுத்தது. இன்றைக்கே உள்ளே போய்ப் பாருங்கள், அந்த 48 இலக்கத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டூயல் பூட் போடாதவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்காது, பாதிக் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. அதை அணைத்துவிடுங்கள்.

நான்காவது, இடம் ஒதுக்குவது. சி டிரைவைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். உபுண்டுவுக்குக் குறைந்தபட்சம் 25 ஜிபி என்பார்கள். கம்பைலர், லைப்ரரி, டாக்கர் என்று போகும்போது அது பத்தாது. 60 முதல் 100 ஜிபி கொடுத்தால் நிம்மதி. சில இன்டெல் லேப்டாப்புகளில் நிறுவும்போது டிஸ்க்கே தெரியாது. ஃபர்ம்வேரில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்கும், காரணம் அதுதான். அதை மாற்றுவதற்கு முன் விண்டோஸை அதற்குத் தயார் செய்யும் முறையைப் படித்துவிடுங்கள். அப்படியே மாற்றினால் விண்டோஸ் எழாது.

நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, சவுண்ட் கேட்கிறதா? டிஸ்க்கில் ஒரு பைட் மாறாமல் இதெல்லாம் தெரிந்துகொள்ளலாம்.

எல்லாம் முடிந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். பத்து மணி வகுப்பு விடிகாலை நாலரை என்று காட்டும். பயப்படாதீங்க. மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நமக்கும் பொது நேரத்துக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். டெர்மினலில் ஒரே ஒரு கட்டளையில் சரியாகிவிடும். அதை நீங்களே தேடிக் கண்டுபிடிங்க, அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்கணும்?

"டபிள்யூஎஸ்எல் இருக்கே, எதுக்கு இவ்ளோ கஷ்டம்?"

நியாயமான கேள்வி. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் டெர்மினல் தரும் டபிள்யூஎஸ்எல் 2016-ல் வந்தது. இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கெர்னலே ஓடுகிறது. பைத்தான் எழுத, சி புரோகிராம் கம்பைல் செய்ய, ஃபோர்க் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அது தாராளமாகப் போதும். "எனக்கு அது போதும்" என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். விர்ச்சுவல் மெஷினும் அப்படித்தான், ரேம் இருந்தால். 8 ஜிபி லேப்டாப்பில் அதற்கு 4 ஜிபி கொடுத்துவிட்டு குரோமையும் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் அந்த இரண்டிலும் நீங்கள் பார்ட்டிஷனைப் பார்க்க மாட்டீர்கள். பூட் ஆவதைப் பார்க்க மாட்டீர்கள். டிரைவர் இல்லாமல் வைஃபை ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டீர்கள். கணினி அறிவியலோ, இசிஇயோ, ஈஈஈயோ, நாளைக்கு எம்பெடட் போர்டு ஒன்றைக் கையில் கொடுத்து "இதை பூட் பண்ணு" என்றால், இந்த மண்டையிடிதான் கை கொடுக்கும்.

அதே சமயம், உற்சாகத்தில் விண்டோஸை முழுசாகத் தூக்கிவிடும் ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. மெக்கானிக்கல் நண்பனுக்கு சாலிட்வொர்க்ஸ் வேணும், அது லினக்ஸில் வராது. சேஃப் எக்ஸாம் பிரவுசரில் நடக்கும் ஆன்லைன் தேர்வுகளுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. பிளேஸ்மென்ட் டெஸ்ட் அன்று காலையில் இதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் இல்லை. வாலொரன்ட் ஆடுபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அதற்கு விண்டோஸ் 11-ல் செக்யூர் பூட்டும் ஆன் ஆகியிருக்கணும். உபுண்டு, ஃபெடோரா இரண்டும் செக்யூர் பூட்டை அணைக்காமலே நிறுவக்கூடியவை. "முதல்ல அதை ஆஃப் பண்ணு" என்று சொல்லும் பழைய வீடியோக்களை அப்படியே நம்ப வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை எப்போதாவது வரத்தான் செய்யும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் எழ மறுத்தது. என்ன நடந்தது என்று புரிந்தவர்கள் அன்றே சரி செய்துகொண்டார்கள். மற்றவர்கள் ஆள் தேடினார்கள்.

கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஓஎஸ் லேபில் விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் நிறுவும் பயிற்சி இருக்கிறது. எத்தனை பேர் உண்மையிலேயே செய்தோம், எத்தனை பேர் பக்கத்து ரெக்கார்டைப் பார்த்து "வெற்றிகரமாக முடிக்கப்பட்டது" என்று எழுதினோம் என்பது நமக்குள் இருக்கட்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய மெஷின்களில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட முடியாது. அப்படிப்பட்ட மெஷின்களை ஸ்கிராப்புக்கு அனுப்பும் முன், முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒரு மதியம் கொடுங்கள். பார்ட்டிஷன் போடட்டும், அழிக்கட்டும், பூட் ஆகாமல் கெடுக்கட்டும், திரும்பச் சரி செய்யட்டும். அங்கே எது அழிந்தாலும் யாருடைய அப்பாவும் கணக்கு நோட்டைத் தேட வேண்டாம். ஹாஸ்டலில் இருப்பவனுக்குக் கதவைத் தட்ட ஒரு சீனியராவது உண்டு. தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வரும் டே ஸ்காலர் தங்கைக்கு யார் இருக்கிறார்கள்? அவளுக்காகவாவது இது லேப் நேரத்துக்குள் நடக்க வேண்டும்.

லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸும் அப்போது ஹெல்சின்கியில் ஒரு கல்லூரி மாணவர்தான். தன் கணினியில் மினிக்ஸ் வைத்திருந்தார், பக்கத்திலேயே தன் புதிய கெர்னலை எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பி, மினிக்ஸ் பார்ட்டிஷனைக் கெடுத்துக்கொண்டார். மினிக்ஸைத் திரும்பப் போடாமல், தான் எழுதியதையே வைத்துக்கொண்டு மேலே போனார். தவறு எல்லோருக்கும் வரும். அவர் கெடுத்தது அவருடைய டிஸ்க், நான் கெடுத்தது என் நண்பனுடையது. அந்த வித்தியாசம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

என் ரூம்மேட் மூன்றாம் ஆண்டில் அவனே உபுண்டு போட்டுக்கொண்டான். அந்த ஒன்றரை மணி நேரமும் நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கிரப் மெனு வந்ததும், "டேய், ரெண்டும் இருக்குடா!" என்று கத்தினான் பாருங்க, பக்கத்து ரூமிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். இன்றைக்கு அவன் லேப்டாப்பில் என்ன பிரச்சனை வந்தாலும் என்னைக் கூப்பிடுவதில்லை. நான்தான் சில சமயம் அவனைக் கூப்பிடுகிறேன்.

ஆகவே தம்பி தங்கைகளே, சனிக்கிழமை மதியம் வாங்க. சார்ஜர், 8 ஜிபி காலி பென்டிரைவ், எழுதி வைத்த அந்த 48 இலக்கம், வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு எடுத்த பேக்கப், இதெல்லாம் கையில் இருக்கட்டும். டீ என் செலவு. கீபோர்டு உங்களுடையது, அதை நான் தொட மாட்டேன்.